ஊரே தலைவனாகும் நாவல்: 'கோபல்ல கிராமம்' பற்றிய ஒரு மதிப்பீடு

நாவல் ஒன்றைப் பாடமாக நடத்தப் புகும் ஆசிரியர் கரும்பலகையில் முதலில் எழுதும் தலைப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கதைக்கரு, கதைப்பின்னல், தலைமைப் பாத்திரம், துணைப் பாத்திரங்கள், சிக்கல், உச்சம், முடிவு. தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு இவை கைப்பிடிச்சுவர் போல உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. பல நாவல்கள் இத்தலைப்புகளுக்குள் அடங்கியும் விடுகின்றன. ஆயின், கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலை எடுத்துக்கொண்டு, "இதன் தலைமைப் பாத்திரம் யார்?" என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். ஒருவர் மங்கத்தாயாரு அம்மாள் என்பார். மற்றொருவர் கோவிந்தப்ப நாயக்கர் என்பார். நகைச்சுவையில் நாட்டமுள்ளவர் அக்கையாவின் பெயரைச் சொல்லக்கூடும். மூவர் விடையிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், இவற்றுள் எதை வைத்துக்கொண்டு விளக்கப் புகுந்தாலும் நாவலின் பெரும்பகுதி கைக்கு எட்டாமல் வெளியே நின்றுவிடும்.

இதற்கான விடை தலைப்பிலேயே இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு வெளிவந்த இந்நாவலுக்கு ஆசிரியர் ஒரு மனிதரின் பெயரை வைக்கவில்லை. ஊரின் பெயரை வைத்தார். பின்னர் இதன் தொடர்ச்சியாக எழுதி, 1991-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்ற நூலுக்கும் 'கோபல்லபுரத்து மக்கள்' என்றே பெயரிட்டார். ஊரைப் பின்னணியாகக் கொண்ட நாவல்கள் தமிழில் பல உள. ஊரையே கதையாகக் கொண்டவை மிகச் சில. 'கோபல்ல கிராமம்' இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே அதன் அழகுகளும் அதன் குறைகளும் சரியான இடத்தில் தென்படுகின்றன.

ஆசிரியரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கி. ராஜநாராயணன் 1923-ஆம் ஆண்டு கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளைச் சற்றுக் கடந்ததோடு நின்றுவிட்டது. உழவுத்தொழிலே அவர் தொழிலாயிற்று. அதே ஊரில், அதே ஆண்டில், அதே செப்டம்பர் மாதத்தில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. இவ்விருவரின் நட்பு தமிழ் இலக்கிய உலகம் நன்கறிந்தது. மலேசியத் தமிழருக்கு இதில் ஒரு தனி உறவும் உண்டு. அழகிரிசாமி 1953 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியதும், இங்கிருந்த இளம் எழுத்தாளரைக் கூட்டி வைத்துச் சிறுகதை பற்றிக் கலந்துரையாடியதும் இந்நாட்டுத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட செய்திகள். ஒரு சிற்றூரின் இரு தோழர்களுள் ஒருவர் கடல் கடந்து வந்தார். மற்றவர் ஊரில் இருந்து நிலத்தை உழுதார். அந்த மற்றவர் 1958-இல்தான் 'மாயமான்' என்னும் தம் சிறுகதையால் அறியப்படலானார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து. எழுத வருமுன் அவர் நெடுங்காலம் கேட்பவராகவும் காண்பவராகவும் இருந்தார் என்பது 'கோபல்ல கிராம'த்தின் ஒவ்வோர் இயலிலும் புலனாகிறது.

நாவலின் தொடக்கத்திலேயே ஒரு கொலை நிகழ்கிறது. நிறைசூலியான இளம்பெண் ஒருத்தி தனியே நடந்துவருகிறாள். தாகம் தீர்க்க நீர்நிலையில் இறங்குகிறாள். அவள் காதணிக்கு ஆசைப்பட்ட கள்வன் ஒருவன் அவளை நீரில் அமிழ்த்திக் கொல்கிறான். உயிர் பிரியும் வேளையில் அவள் அவனுடைய கால்விரலைப் பற்களால் கவ்விக்கொள்கிறாள். இறந்த பின்னும் அப்பிடி விடவில்லை. கள்வன் அகப்படுகிறான். ஊரார் அவனைக் கோட்டையார் வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். எழுவர் உடன்பிறந்தாராக வாழும் அப்பெருங்குடும்பத்தின் மூத்தவர் கோவிந்தப்ப நாயக்கர். அவர் முன்னிலையில் ஊர் கூடுகிறது.

இந்த அளவில் எந்த வாசகரும் அடுத்து நிகழப்போவதை அறியத் துடிப்பார். விசாரணை எவ்வாறு நடக்கும்? கணவன் வந்து என்ன சொல்வான்? தண்டனை யாது? வார இதழ்த் தொடர்கதையில் பழகியவர் இவ்விடத்தில் 'தொடரும்' என்னும் சொல்லை எதிர்பார்ப்பார். கி. ராஜநாராயணனோ கதையை அப்படியே நிறுத்திவிட்டு, நூறு வயதைக் கடந்த பூட்டியாகிய மங்கத்தாயாரு அம்மாளின் பக்கம் திரும்பிவிடுகிறார். அம்மூதாட்டி தம் இளமையில் கண்டதும் கேட்டதுமான பழங்கதையைச் சொல்லத் தொடங்குகிறார். தெலுங்கு நாட்டில் தாங்கள் வாழ்ந்த வாழ்வு, அங்கிருந்து ஓடிவந்த காரணம், வழியில் பட்ட துன்பம், காட்டை அழித்து ஊர் அமைத்த பாடு என்று அது விரிகிறது. கள்வன் கட்டுண்டு கிடக்க, நாவல் பின்னோக்கி நடக்கிறது.

இதைக் கதைக்கோப்பில் நேர்ந்த தளர்ச்சி என்று குறைகூறுவோர் உண்டு. ஒரு சிக்கலை முன்வைத்த ஆசிரியர் அதை விட்டு அகன்றுவிட்டார் என்பது அவர்கள் வாதம். ஆனால் இவ்விடைநிறுத்தத்தை வேறு வகையிலும் நோக்கலாம். ஒரு மனிதனின் உயிரைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லப்போகிறது ஓர் ஊர். அரசனும் இல்லை; நீதிமன்றமும் இல்லை. தீர்ப்புச் சொல்லும் உரிமை இவ்வூராருக்கு எங்கிருந்து வந்தது? இவர்கள் யார்? எதை இழந்து இங்கே வந்தவர்கள்? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமல் தீர்ப்பைக் கேட்டால் அது வெறும் தண்டனைச் செய்தியாகவே முடியும். ஆகவேதான் ஊரின் பிறப்பு முதலில் சொல்லப்படுகிறது. அன்றியும், கொலையுண்ட இளம்பெண்ணைக் கண்ட பூட்டிக்குத் தம் பழைய சென்னாதேவியின் நினைவு எழுவது மிக இயல்பாக அமைந்துள்ளது. அழகே ஆபத்தாக முடிந்த ஒரு பெண்ணிலிருந்து அத்தகைய மற்றொரு பெண்ணுக்கு நினைவு தாவுகிறது. கிழவியரின் பேச்சைக் கேட்டுப் பழகியவர்க்கு இத்தாவல் வியப்பளிக்காது.

சென்னாதேவியின் கதை இந்நாவலின் மிக உருக்கமான பகுதி. ஆசிரியர் மிக விழிப்போடு கற்பிக்கவேண்டிய பகுதியும் அதுவே. பேரழகியான அப்பெண்ணைத் தெலுங்கு நாட்டை ஆண்ட முகமதிய அரசன் விரும்பினான் என்றும், அவனுக்கு அஞ்சி உறவினர் அனைவரும் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடினர் என்றும், பின்னே படை துரத்த, முன்னே ஆறு மறிக்க, கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்த்தது என்றும் பூட்டி சொல்கிறார். இதை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்வது பிழை. 1909-ஆம் ஆண்டு எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில், தொட்டியர் எனப்படும் தெலுங்கு பேசும் மற்றொரு சமூகத்தாரிடம் வழங்கிய தோற்றக் கதையும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்துள்ளது. அங்கும் அரசன் பெண் கேட்கிறான். அங்கும் வெள்ளம் வருகிறது. அங்கும் மரங்கள் வளைந்து பாலமாகின்றன. ஆக, இது ஒரு குடும்பத்தின் நினைவு மட்டுமன்று. புலம்பெயர்ந்த பல கூட்டத்தார் தம் பயணத்தை விளக்கிக்கொள்ளக் கையாண்ட பொதுக்கதை. விசயநகர ஆட்சியும் அதனைத் தொடர்ந்து 16-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற மதுரை நாயக்கர் ஆட்சியும் தெலுங்குக் குடிகள் தெற்கே வரப் பெருவழி திறந்தன. படையோடு வந்தோரும் உண்டு. நிலம் தேடி வந்தோரும் உண்டு. கரிசல் நிலத்தைப் பண்படுத்தப் பழகிய அவர்தம் திறனையும் வரலாற்றறிஞர் காரணமாகக் கூறுவர். நிலம் தேடி வந்ததைவிடப் பெண்ணின் மானம் காக்க வந்ததாகச் சொல்லிக்கொள்வது பெருமைக்குரியதாக அக்கூட்டத்தாருக்குத் தோன்றியிருக்கலாம்.

பல சமயத்தாரும் ஒரே பள்ளி வளாகத்தில் கூடிப் படிக்கும் மலேசியச் சூழலில் இவ்வேறுபாட்டை ஆசிரியர் தெளிவுறுத்தாவிடில், நாவல் சொல்ல வராத ஒன்றை மாணவர் மனத்தில் ஏற்றிக்கொள்வர். கி. ராஜநாராயணன் இதனைத் தம் கூற்றாகச் சொல்லவில்லை. பூட்டியின் வாய்மொழியாகவே வைத்திருக்கிறார். மரம் வளைந்ததை நம்பும் அதே வாய்தான் அரசனைப் பற்றியும் பேசுகிறது. வாய்மொழியை வாய்மொழியாகவே கேட்கக் கற்றுக்கொடுப்பது இலக்கிய ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று. இந்நாவலைப்போல் அதற்கு வாய்ப்பளிக்கும் நூல் வேறொன்று கிடைப்பது அரிது.

சென்னாதேவியின் கதை வாசகரைக் கவர்கிறது என்றால், அதன் பின்வரும் குடியேற்றப் பகுதிதான் நாவலின் உண்மையான வலிமை. அரவநாட்டை அடைந்தவர்கள் முள்ளும் புதருமாகக் கிடந்த காட்டுக்குத் தீ வைத்து நிலத்தை வெளிக்கொணர்கிறார்கள். எரிந்த மண்ணில் ஏர் பூட்டுகிறார்கள். இப்பகுதியை எழுதியவர் நிலத்தைத் தொட்டறியாத ஒருவராய் இருந்திருந்தால் இது வெறும் வீரப்புகழ்ச்சியாக முடிந்திருக்கும். கரிசலின் இயல்பை உழவன் மட்டுமே அறிவான். மழை பெய்தால் அம்மண் காலைப் பற்றிக்கொண்டு விடாது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். ஈரத்தைத் தன்னுள் நெடுநாள் தேக்கி வைத்திருப்பதால் ஆற்றுப்பாசனம் இல்லாமலேயே பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். ஆயினும் வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் எல்லாம் பொய்த்துவிடும். காவிரிக்கரை நாவல்களில் காணும் செழிப்பும் சோம்பலும் இங்கே இல்லை. எதையும் எண்ணிச் செலவிடுவதும், ஒருவர் வீட்டு வேலைக்கு மற்றவர் வந்து நிற்பதும், விருந்தினரைக் கண்டால் முகம் மலர்வதும், அதே வேளையில் அயலாரை ஐயத்தோடு நோக்குவதும் இந்நிலம் கற்றுக்கொடுத்த பழக்கங்கள். கோபல்லபுரத்தாரின் குணங்களை ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. நிலத்தைக் காட்டுகிறார், குணம் தானே விளங்குகிறது.

இனி, அவ்வூர் மாந்தரைப் பற்றி. பொடிக்காரக் கெங்கா நாயக்கர், பச்சைவெண்ணெய் நரசய்யா, ஜோஸ்யம் எங்கச்சி என்று இந்நாவலில் வருவோர் பலருக்கும் இயற்பெயரோடு ஒட்டிக்கொண்ட ஓர் அடைமொழி உண்டு. ஒவ்வோர் அடைமொழிக்குப் பின்னாலும் ஒரு பழக்கமோ ஒரு நிகழ்ச்சியோ இருக்கிறது. நகரத்தில் ஒருவனை அறிய அவன் முகவரி போதும். சிற்றூரில் அவன் பட்டப்பெயரை அறியவேண்டும். பட்டப்பெயரைச் சூட்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது, ஊரே சூட்டியது. ஊர் என்னும் ஒன்று தனிமனிதர்களைக் கடந்து ஒரு மனமும் ஒரு வாயும் உடையதாக இயங்குவதை இதைவிட எளிமையாகக் காட்டிவிட முடியாது. அக்கையா பேசத் தொடங்கினால் கூட்டம் சிரிக்கிறது. அச்சிரிப்பில் ஏளனம் உண்டு, பகை இல்லை. தீவட்டிக் கொள்ளையர் வரும்போது இதே மனிதர்கள்தாம் ஒன்றுதிரண்டு எதிர்த்து நிற்கிறார்கள்.

ஆனால் இவ்வியல்களில் ஒரு தளர்ச்சி இருப்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒருவரை அறிமுகம் செய்து, அவரைப் பற்றிய வேடிக்கையைச் சொல்லி, அவரை அங்கேயே விட்டுவிட்டு அடுத்தவரிடம் செல்லும் முறை சில இடங்களில் அலுப்பைத் தருகிறது. சில பாத்திரங்கள் தம் பட்டப்பெயருக்கு அப்பால் வளரவே இல்லை. 1942-ஆம் ஆண்டு வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' என்னும் நாவலை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அதுவும் ஒரு சிற்றூரின் கதைதான். கொங்கு நாட்டு மண்ணும் பேச்சும் அதிலும் நிறைந்துள்ளன. ஆனால் கைம்பெண்ணான நாகம்மாள் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள் என்னும் ஒரே கயிற்றில் அந்நாவல் முழுவதும் இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. ஊர்ப்பேச்சு, பொறாமை, தூண்டிவிடுவோர் சூழ்ச்சி எல்லாம் அக்கயிற்றை முறுக்கேற்றவே வருகின்றன. 'கோபல்ல கிராம'த்தில் அத்தகைய முறுக்கு இல்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரவு முழுவதும் கதை கேட்பதுபோல் அது செல்கிறது. கேட்பவர் இடையில் சிறிது கண்ணயர்ந்தாலும் பெரிய இழப்பில்லை. கட்டுக்கோப்பை வேண்டுவோர்க்கு 'நாகம்மாள்' நிறைவளிக்கும். ஊரின் அகலத்தை அறிய விரும்புவோர் 'கோபல்ல கிராம'த்தையே நாடவேண்டும்.

நடையைப் பற்றி ஆசிரியர்களிடையே ஒரு தயக்கம் இருந்துவருகிறது. பேச்சுவழக்கும் வட்டாரச் சொல்லும் மலிந்த நூலைப் படித்தால் மாணவரின் எழுத்துத்தமிழ் கெட்டுவிடும் என்பது அது. வல்லினம் மிகும் இடங்களையே இன்னும் தெளிவாக அறியாத மாணவரிடம் இத்தகைய நூலைக் கொடுக்கலாமா என்னும் கவலை புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும், கி. ராஜநாராயணனின் நடை ஒழுங்கற்ற நடையன்று. அவர் தம் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-ஆம் ஆண்டு 'கரிசல் வட்டாரச் சொல்லகராதி' என்னும் நூலை வெளியிட்டவர். ஒரு சொல்லை எடுத்தாளும்போது அதன் எடையை அறிந்தே எடுத்தாள்கிறார். மற்றொன்றையும் மறத்தலாகாது. அவர் தாய்மொழி தெலுங்கு. அவர் கதைமாந்தர் வீட்டில் பேசுவதும் தெலுங்கு. தமிழை 'அரவம்' என்று வெளியிலிருந்து பெயரிட்டழைத்த ஒரு கூட்டத்தார், சில தலைமுறைகளில் அம்மொழிக்கே ஒரு பெரும் படைப்பாளியை அளித்திருக்கின்றனர். பாகான் டத்தோ வட்டாரத்தில் குடியேறிய தெலுங்கரையும், தோட்டங்களில் தமிழரோடு கலந்து வாழ்ந்த மலையாளிகளையும் அறிந்த மலேசிய ஆசிரியருக்கு இது புதுமையாகத் தோன்றாது. மொழித்தூய்மை பற்றிய பாடத்தோடு, ஒரு மொழி தன்னிடம் வந்து சேர்ந்தவரால் வளம்பெறும் முறையையும் இந்நூலைக் கொண்டு மாணவருக்குக் காட்டலாம்.

இத்துணைச் சிறப்புகள் இருந்தும் இந்நாவலில் ஓர் இடைவெளி உண்டு. கோபல்லபுரம் யாருடைய ஊர்? நாவல் அதனைக் கோட்டையார் வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கிறது. காட்டை அழித்து நிலம் கண்டவர்களின் வாரிசுகளே இங்கே பேசுகிறார்கள். அவர்களுக்கு உழைத்துக் கொடுத்தவர், ஊரின் எல்லைக்கு அப்பால் குடிசை போட்டு வாழ்ந்தவர் ஆகியோர் கதையின் ஓரத்தில் தோன்றி மறைகின்றனர். அவர்களுடைய பூட்டிக்கும் ஒரு கதை இருந்திருக்கும். அதை இந்நாவலில் எவரும் கேட்கவில்லை. கள்வனைப் பற்றிய தீர்ப்பிலும் இவ்வியல்பு தெரிகிறது. அவனைக் கழுவேற்றுவது என்று ஊர் முடிவு செய்கிறது. நிறைசூலியைக் கொன்றவன்மீது வாசகருக்கு இரக்கம் பிறக்காமல் போகலாம். ஆனாலும் அக்கொடுந்தண்டனையை, விதைப்பையும் அறுப்பையும் சொல்லும் அதே அமைதியான குரலில் ஆசிரியர் சொல்லிச் செல்கிறார். இவ்வமைதி நடுநிலையா, உடன்பாடா என்று வாசகர் தயங்கவேண்டியிருக்கிறது. மாணவரிடையே ஒரு சொற்போர் நடத்துவதற்கு இதைவிடத் தகுந்த இடம் நாவலில் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் நூல் அதே கரிசல் மண்ணிலிருந்து மூன்றாண்டுகளில் வந்துவிட்டது. பூமணியின் 'பிறகு' 1979-இல் வெளியாயிற்று. அதன் நடுவில் நிற்பவர் தோல் தொழிலாளியான அழகிரி. மணலூத்து என்னும் ஊருக்கு அவர் செருப்புத் தைக்கவும், கமலைக்கு வேண்டிய தோல்வேலை செய்யவும், இறந்த மாட்டை அகற்றவும் வந்து சேர்கிறார். ஊருக்கு அவர் இன்றியமையாதவர். ஆனால் ஊர் அவரை உள்ளே சேர்த்துக்கொள்ளாது. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் எதெது மாறியது, எதெது மாறவில்லை என்பதை அவர் குடும்பத்தின் வழியே பூமணி காட்டுகிறார். கூச்சலிட்டுக் குற்றஞ்சாட்டாத எழுத்து அது. கரிசலின் புழுதியும் வெயிலும் இரு நூல்களிலும் ஒன்றே. கோபல்லபுரத்தில் ஊர்ப்பஞ்சாயத்து என்பது பாதுகாப்பு. மணலூத்தில் அழகிரிக்கு அதே ஊர் எச்சரிக்கையோடு அணுகவேண்டிய ஒன்று. 'கோபல்ல கிராமம்' ஒன்றையே படித்த மாணவர் சிற்றூர் வாழ்வை ஏக்கத்தோடு எண்ணுவார். 'பிறகு' நாவலையும் சேர்த்துப் படித்தவர் அவ்வாறு எண்ணச் சிறிது தயங்குவார். அத்தயக்கம் வேண்டத்தக்கதே.

நாவலின் இறுதிப்பகுதி, கும்பினி ஆட்சி நீங்கி விக்டோரியா அரசியின் ஆட்சி வந்த காலத்தை ஒட்டி அமைகிறது. அரசாட்சி கைமாறியது 1858-இல். அதுவரை தனக்குத் தானே நீதி வழங்கிக்கொண்ட ஊர், கண்ணுக்குத் தெரியாத ஓர் அரசின் கீழ் வருகிறது. இம்மாற்றத்தைக் கி. ராஜநாராயணன் பெருந்துயராகவும் காட்டவில்லை, விடிவாகவும் காட்டவில்லை. தாம் அமைத்த முதற்கழுமரமே தம் கடைசிக் கழுமரமாகவும் ஆகிவிடக்கூடும் என்பது அவ்வூராருக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரிகிறது. அடுத்த நூலாகிய 'கோபல்லபுரத்து மக்கள்' இதன்பின் ஊருக்குள் நுழையும் புதுப்பொருள்களையும் புதுப்பழக்கங்களையும் சொல்லி, விடுதலைப் போராட்டக் காலம்வரை செல்கிறது. வார இதழில் தொடராக வந்ததனாலோ என்னவோ, அந்நூலின் பிற்பகுதியில் நாட்டு வரலாறு மேலெழுந்து ஊர் பின்னுக்குப் போய்விடுகிறது. பரிசு பெற்றது இரண்டாம் நூலே ஆயினும், பலமுறை திரும்பிப் படிக்கத் தூண்டுவது முதல் நூல்தான்.

மலேசியத் தமிழ் ஆசிரியர் இந்நாவலைப் படித்து முடித்ததும் அவர் எண்ணம் இங்குள்ள தோட்டங்களின் பக்கம் திரும்புவது இயற்கை. தோட்டமும் காட்டை அழித்து உண்டாக்கிய குடியிருப்புதான். அங்கும் மக்கள் அக்கரையிலிருந்து வந்தனர், கோயில் கட்டினர், பட்டப்பெயர் சூட்டிக்கொண்டனர். கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் ஒரு பெயரும் லயத்தில் ஒரு பெயருமாக வாழ்ந்தவர் எத்தனையோ பேர். ஆனால் ஒப்புமை இவ்வளவோடு நின்றுவிடுகிறது. கோபல்லபுரத்தார் அழித்த காடு அவர்கள் நிலமாயிற்று. இங்கே காட்டை அழித்தவர்க்கு ஒரு சாண் நிலமும் உரிமையாகவில்லை. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்த பின்னர் ஆள்கட்டி வருவது நின்றது. வந்தவர் வாரிசுகள் அதே லயங்களில் பிறந்து வளர்ந்தனர். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஊரை அமைத்தவர்களே ஊரைவிட்டு வெளியேறினர். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்த இந்நாட்டில் இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சமே. மறைந்த பள்ளி ஒவ்வொன்றின் பின்னும் மறைந்த ஓர் ஊர் இருக்கிறது.

இத்தகைய ஊர்களை எழுதிய நூல்கள் இல்லாமல் இல்லை. கா. பெருமாளின் 'துயரப் பாதை', அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' முதலியவை தோட்டப்புற வாழ்வை நோக்கிய நாவல்களே. எனினும், மலேசியத் தோட்டக் கதைகள் பெரும்பாலும் கங்காணியின் கொடுமை, கள்ளுக்கடையின் கேடு, வறுமை என்னும் மூன்றைச் சுற்றியே வந்துகொண்டிருந்தன. அவை உண்மையே; எழுதப்படவேண்டியவையே. ஆயின், லயத்தில் மக்கள் சிரித்ததும், ஒருவரையொருவர் கேலி செய்ததும், பஞ்சாயத்துப் பேசியதும், பேய்க்கதை சொன்னதும் அவற்றில் குறைவாகவே இடம்பெற்றன. துன்பத்தை மட்டும் பதிவு செய்தால் துன்பப்பட்டவர் யார் என்பது மறந்துபோகும். பிரட்டு, தண்டல், நிரை, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை என்று தோட்டத்தார் வாயில் வழங்கிய சொற்களின் பொருளை இன்றைய நகரப்பள்ளி மாணவர் அகராதியில் தேடினாலும் காண்பது அரிது. கரிசலுக்கு ஓர் உழவர் தனிமனிதராய் நின்று செய்த பணியைத் தோட்டச் சொற்களுக்குச் செய்ய ஆசிரியர் பலர் கூடினாலே போதும். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை; கேட்கும் பொறுமை வேண்டும். கி. ராஜநாராயணன் வகுப்பறையில் கற்றது சிறிதே என்பதையும், பிற்காலத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் இந்நாவலை நடத்தும் ஆசிரியர் ஒருவர், பாத்திரப்படைப்புப் பற்றிய வினாவைச் சற்றே மாற்றி, "உங்கள் வீட்டில் மங்கத்தாயாரு அம்மாள் யார்? அவர் பிறந்த தோட்டத்தின் பெயர் என்ன? அத்தோட்டத்தில் யார் யாருக்கு என்ன பட்டப்பெயர்?" என்று எழுதிவரச் சொல்லலாம். முதல்நாள் பாதி மாணவர் வெறுந்தாளோடு வருவர். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் ஒன்றும், தமிழர் அதற்கு இட்ட பெயர் வேறொன்றுமாக இருப்பதைச் சிலர் கண்டறிந்து வருவர். இரப்பர்க்காட்டு லயத்தில் பிறந்து, பால்வெட்டி, இன்று மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பாட்டிமார் பலரும் எழுபது வயதைக் கடந்துவிட்டனர்.